மகள் வீடு தண்ணீரில் இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலை பார்ப்பவர்களும், குளிர் நாடுகளில் இருக்கும் என் மாணவர்களும் மட்டும் கடைசிவரை கட்டாயம் படித்துவிடுங்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் ஓர் ஒப்புதல். இரண்டு வருடமாக உங்களில் பலரிடம் ஒரு பொய் சொல்லி வந்திருக்கிறேன். "பொண்ணு இங்கிலாந்துல எப்படி இருக்கா சார், வீடெல்லாம் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டவர்களிடம், "ஆமாம்ப்பா, ரக்பி பக்கத்துல சின்னதா ஒரு வீடு" என்றேன். ரக்பி என்பது ஊர்ப் பெயர், விளையாட்டுக்குப் பெயர் வந்ததே அந்த ஊரிலிருந்துதான். அதுவரை உண்மை. வீடு என்றதுதான் பொய். என் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் குடியிருப்பது கால்வாயில் நிற்கும் ஒரு படகில்.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் என் சம்பந்தி வழி உறவினர் ஒருவர், "வீட்டு போட்டோ இருந்தா காட்டுங்க மாமா" என்று கையை நீட்டினார். என் போனில் அந்த வீட்டுப் படம் நூற்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்றைக்கூடக் காட்டாமல், சார்ஜ் இல்லை என்று இன்னொரு பொய் சொன்னேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளிடம் உண்மை பேசச் சொன்ன வாத்தியார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. உங்கள் டீச்சரம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பொய்யை முதல் நாளே நிறுத்தியிருப்பாள்.

எனவே இந்தப் பதிவு.

போன டிசம்பர் தொடக்கத்தில் கிளம்பிப் பிப்ரவரி கடைசியில் திரும்பினேன். பேத்தியைப் பார்க்கப் போவதாக உங்களிடம் சொன்னேன். உண்மையில் நான் போனது, அவர்களைப் படகிலிருந்து இறங்கச் சொல்லத்தான். மகள் செவிலியர். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை. இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஏன் இந்தக் கோலம் என்பதே என் கேள்வி. வாடகையாகக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்துப் பின்னால் வீடு வாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். என் மனம்தான் ஒப்பவில்லை.

போய் இறங்கிய அன்று மாலை நாலரை மணி. கும்மிருட்டு. அங்கே டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. சேறாகக் கிடந்த ஒற்றையடிப் பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். இரும்பால் செய்த, நீளமான, தட்டையான ஒன்று தண்ணீரில் கிடந்தது. மேலே ஒரு குழாயிலிருந்து புகை வந்தது. கூரையில் நிலக்கரி மூட்டைகள். "இதுதான் மாமா வீடு" என்றார் மாப்பிள்ளை.

மகள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். "என்னப்பா, பொண்ணைக் கரையேத்திட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. மறுபடியும் தண்ணிக்கே வந்துட்டாளேன்னு பார்க்கிறீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் படகுக்கு நேரோபோட் என்று பெயர். குறுகிய படகு. அகலம் 6 அடி 10 அங்குலம்தான். நம் ரயில் பெட்டியின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மகள் படகின் நீளம் 57 அடி. முன்னால் அடுப்பும் சோபாவும், அடுத்துச் சமையல், அப்புறம் குளியல், படுக்கை, பின்னால் இன்ஜின். எதிரில் ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஏன் இத்தனை குறுகல் என்றால், 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் வெட்டிய கால்வாய்களில், படகு ஏறி இறங்கும் பூட்டுத் தொட்டிகளை ஏழடி அகலத்தில் கட்டிவிட்டார்கள். நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் அவர் பெயர் பரவியது. ரயில் வருவதற்கு முன்னால் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு போனதும் வந்ததும் இந்தக் கால்வாய்களில்தான். தொட்டியின் அகலத்தை மாற்ற முடியாது. அதனால் இன்றைக்கும் படகு அதே அளவுதான்.

நம் மரக்காணத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. பக்கிங்காம் கால்வாயின் தெற்குக் கோடியே நம் ஊர்தான். உப்பும் விறகும் அதன் வழியாகப் படகில் சென்னைக்குப் போன கதையை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் படகுக்காரரைப் பற்றி ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் மகளை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியாமல்தான் பொய் சொன்னேன். இதை மறைப்பதில் பயனில்லை.

முதல் வாரம் நான் உர்ரென்று இருந்தேன். மகள் என்னை வழிக்குக் கொண்டுவர ஒரு வேலை செய்தாள். சிறு வயதில் அவளுக்கு நான் தினம் பத்து ஆங்கிலச் சொல் கொடுத்து எழுதிவரச் சொல்வேன். அதையே எனக்குத் திருப்பினாள். ஒரு நோட்டைக் கொடுத்து, "தினம் பத்து வார்த்தை. சாயங்காலம் டெஸ்ட்" என்றாள்.

நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

கட்: படகில் வாழ்பவர்கள் கால்வாயை இப்படித்தான் சொல்வார்கள். மனிதன் வெட்டியது என்பதால் 'வெட்டு'. தஞ்சைப் பக்கத்து வெட்டாறு நினைவுக்கு வந்தது.

லாக்: மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்கும் தொட்டி. இரண்டு பக்கமும் கதவு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை வடித்தால் படகு தானாக இறங்கும். மேலே போக வேண்டுமானால் நிரப்ப வேண்டும்.

படில்: லாக்கில் தண்ணீரைத் திறக்கும் பலகை. நம் ஏரி மதகில் பலகையைத் தூக்குகிறோமே, அதேதான்.

விண்ட்லாஸ்: அந்தப் பலகையைச் சுற்றித் தூக்கும் இரும்புக் கைப்பிடி. இதைத் தண்ணீரில் தவறவிடாத படகுக்காரர் கிடையாது. நானும் ஒன்றைப் போட்டேன். கயிற்றில் காந்தம் கட்டி எடுத்தோம்.

சில்: லாக்கின் மேல்பக்கக் கதவுக்கு அடியில், தண்ணீருக்குள் நீண்டிருக்கும் கல் திண்டு. இறங்கும்போது படகின் பின்பகுதி இதில் சிக்கினால், தண்ணீர் வடிய வடிய முன்பகுதி கீழே போய்ப் படகே மூழ்கிவிடும். அதனால் சுவரில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். அதற்கு முன்னாலேயே நிற்க வேண்டும்.

பவுண்ட்: ஒரு லாக்குக்கும் அடுத்த லாக்குக்கும் இடைப்பட்ட நீர். பணம் இல்லை.

கன்னல்: படகின் இரு பக்கமும் ஓடும், ஒரு பாதம் மட்டும் வைக்கக்கூடிய விளிம்பு. எழுதுவது வேறு மாதிரி, சொல்வது கன்னல். கரும்புக்கு நாம் சொல்லும் பெயர். ஆனால் பனி பிடித்த காலையில் இந்தக் கன்னலில் இனிப்பு ஒன்றும் இல்லை. ஒரு கை எப்போதும் கூரைக் கம்பியில் இருக்க வேண்டும்.

விண்டிங் ஹோல்: நீளமான படகைத் திருப்புவதற்காகக் கால்வாயை அகலப்படுத்திய இடம். நான் 'வைண்டிங்' என்று வாசித்து அன்றைய டெஸ்டில் மதிப்பெண் இழந்தேன். காற்றைக் குறிக்கும் விண்ட். காற்றின் உதவியோடு படகைத் திருப்பியதால் வந்த பெயர் என்கிறார்கள்.

பட்டி: இன்ஜின் இல்லாமல், முன்னால் போகும் படகோடு கட்டி இழுக்கப்படும் துணைப்படகு.

காங்கூஸ்லர்: வேலை வெட்டி இல்லாமல் கரையில் நின்று படகுகளை வேடிக்கை பார்ப்பவர். இதைச் சொல்லிவிட்டு மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சொற்களில் சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் கிடைத்தார். எங்களுக்கு அடுத்து நின்ற படகில் தனியாக வாழும் அம்மையார். எழுபதைத் தாண்டியவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "மார்னிங், மீ டக்" என்றார். வாத்து! ஊர்விட்டு ஊர் வந்தும் நான் வாத்தி என்பது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப் போனேன். அந்தப் பக்கத்தில் அது அன்பாக அழைக்கும் சொல்லாம். உங்களில் சிலர் என் முதுகுக்குப் பின்னால் அழைத்ததும் அதே சொல்தான் என்பது எனக்குத் தெரியும். போகட்டும்.

குளிர்காலத்தில் படகில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால், முழுக்க முழுக்க அடுப்பைச் சுற்றிப் போகிறது. காலையில் எழுந்ததும் அடுப்பின் சல்லடைத் தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். சாம்பல் தட்டை வெளியே எடுக்க வேண்டும். இரவெல்லாம் கனன்று கிடந்த தணலின் மேல் புதுக் கரி போட்டு, கீழே காற்றுத் துளையைத் திறந்தால் பத்து நிமிடத்தில் செக்கச்செவேல் என்று வரும். கடுங்குளிரில் ஒரு மூட்டைக் கரி இரண்டு மூன்று நாளைக்கு வரும். தீர்ந்தால், கரி, டீசல், சமையல் வாயு எல்லாம் ஏற்றிக்கொண்டு கால்வாயிலேயே வரும் கடைப்படகு ஒன்று உண்டு. நம் தெருவில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்போமே, அப்படி அதற்குக் காத்திருப்பார்கள். குளிர்காலத்தில் புரொப்பேன் வாயு உருளைதான் வேண்டும். பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே ஆவியாகாமல் அடம்பிடிக்கும். கொதிநிலை பாடம் நினைவிருக்கிறதா?

அடுப்பின் மேல் ஒரு சின்ன விசிறி வைத்திருக்கிறார்கள். வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. அடுப்பு சூடேறினால் தானாகச் சுற்றி வெப்பத்தை அறைக்குள் தள்ளுகிறது. கீழே சூடு, மேலே குளிர்ச்சி, அந்த வேறுபாட்டிலிருந்து மின்சாரம். 1821-இல் சீபெக் கண்ட விளைவு. முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் சொன்னதை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அரை மணி நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பேத்தி வந்து, "தாத்தாவுக்கு ஃபேன் பிடிச்சிருக்கு" என்று அம்மாவிடம் அறிவித்தாள்.

விடிந்ததும் ஜன்னலெல்லாம் நீர் வழியும். நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து வழிவது அது. துடைக்காவிட்டால் மெத்தைக்கு அடியில்கூடப் பூஞ்சை பிடிக்கும். அந்தத் துடைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சூரிய ஒளித் தகடு குளிர்காலத்தில் பேருக்குத்தான். பேட்டரி ஏற இன்ஜினை ஓட்ட வேண்டும். அதையும் இரவு 8 மணிக்கு மேல் காலை 8 மணி வரை ஓட்டக்கூடாது, பக்கத்துப் படகுக்காரர் தூங்க வேண்டும். பாலும் தயிரும் முன்பக்கத் திண்ணையில், வெட்டவெளியில். இட்லி மாவு மட்டும் அடுப்புக்கு அருகில் ஒரு பலகையில். வெளியே பனி, உள்ளே மாவு பொங்கி வழிகிறது. மரக்காணத்தில் சித்திரையில்கூட அப்படிப் பொங்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்குக் கீழே ஒரு பெட்டி. நிரம்பியதும் அதைத் தள்ளுவண்டியில் வைத்து, அதற்கென்று கால்வாய்க் கரையில் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அதைச் செய்வதை முதல்நாள் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. காலங்காலமாக இந்த வேலையை யார் தலையில் கட்டிவிட்டு நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம் என்பது நமக்குத் தெரியும். அங்கே மருத்துவரோ வக்கீலோ, படகில் இருந்தால் அவரவர் பெட்டியை அவரவர்தான் தள்ளிக்கொண்டு வருகிறார். வரிசையில் நின்று வானிலை பேசுகிறார்கள். ஜனவரியில் நானும் தள்ளினேன்.

லாக் வழியாகப் போனதும் ஒரு வகுப்புதான். ஹில்மார்ட்டன் என்ற இடத்தில் ஆக்ஸ்போர்ட் கால்வாயின் குறுகிய லாக்குகள் இருக்கின்றன. கணக்குப் போடுங்கள்: 72 அடி நீளம், 7 அடி அகலம், 6 அடி இறக்கம் என்று வைத்தால் 3,024 கன அடி. ஒருமுறை இறங்க 85,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். இதற்கு மோட்டார் கிடையாது. இருபுறமும் நீர்மட்டம் சமமாகும் வரை பத்துப் பேர் தள்ளினாலும் கதவு அசையாது. சமமானதும் கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் நகர்கிறது. என் முதுகுக்கே நகர்ந்தது.

நிரந்தர இடம் இல்லாத படகுகள் 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது என்பது அங்கே சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டி ஒரே இடத்தில் நின்றுகொள்ளலாம். மகள் அப்படித்தான் நின்றிருந்தாள். பழுதுபார்ப்பதற்காக லாக்குகளை மூடிவைப்பதும் குளிர்காலத்தில்தான்.

ஜனவரியில் ஒருநாள் காலை, படகைத் தட்டினால் வேறு சத்தம் வந்தது. வெளியே பார்த்தேன். கால்வாய் முழுக்கப் பனிக்கட்டி. வாத்துகள் அதன் மேல் வழுக்கி வழுக்கி நடந்தன. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதற்குக் கீழே குளிர்ந்தால் விரியும், அதனால் மேலே உறைந்தாலும் அடியில் மீன் பிழைக்கும் என்று எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்! ஹோப் சோதனையைக் கரும்பலகையில் வரைந்தே ஓய்வு பெற்றவன் நான். பேத்தியைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்று, "அடியில மீன் இருக்கு" என்றேன். "குளிராதா தாத்தா?" என்றாள்.

அம்மையார் அன்று பழைய கதை சொன்னார். அவர் தாய் தந்தையர் சரக்குப் படகுக்காரர்கள். பின்னால் இருக்கும் பத்தடி அறையில்தான் மொத்தக் குடும்பமும். மீதிப் படகு முழுக்க நிலக்கரி. 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய உறைபனி 1963 மார்ச் வரை விடவில்லை. அவர் அப்போது சிறுமி. படகுகள் நின்ற இடத்திலேயே வாரக்கணக்கில் உறைந்து நின்றன. சரக்கு ஓடினால்தான் கூலி. அதற்கும் முந்தைய காலத்தில், குதிரைகள் இழுக்க, ஆட்கள் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு படகை இடமும் வலமும் ஆட்டிப் பனியை உடைப்பார்களாம். அந்த வருடம் எதுவும் எடுபடவில்லை. சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் போனது, திரும்பி வரவில்லை. அந்தக் குளிர்காலத்தோடு சரக்குப் படகு வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது.

ஓடிக்கொண்டே இருந்ததால் அவருக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. முப்பது வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றாராம். என் நோட்டை வாங்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். ஒரு சொல்லில் விரல் நின்றது. கூரையில் காளான் குடை போலப் பித்தளையில் சில மூடிகள் இருக்கும். அதற்குப் பெயர் மஷ்ரூம் வென்ட். நான் 'கூரை அலங்காரம்' என்று பொருள் எழுதியிருந்தேன். "இல்லை மீ டக், இது மூச்சு" என்றார். நான் தலையாட்டினேன். நோட்டில் திருத்தவும் செய்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், இரவு −5 டிகிரிக்குப் போனது. காற்றே இல்லை, கட்டிப் பனிமூட்டம். மகள் இரவுப் பணிக்குப் போயிருந்தாள். பேத்தியும் மாப்பிள்ளையும் நடு அறையில். நான் முன்னறையில், அடுப்புக்குப் பக்கத்துச் சோபாவில். தலைக்கு மேல் அந்தக் காளான் மூடி வழியாகவும், முன்கதவின் கீழ்த்துளைகள் வழியாகவும் ஊசி குத்துவது போல் குளிர் இறங்கியது. பேத்திக்குச் சளி வேறு. எழுந்தேன். என் மப்ளரைச் சுருட்டி மேல்துளையில் திணித்தேன். கதவுத் துளைகளைப் பழைய துண்டால் அடைத்தேன். இரவு முழுக்கத் தணல் தாங்கட்டும் என்று அடுப்பு நிறையக் கரியைக் கொட்டி, அடுப்பின் காற்றுத் துளையையும் சிறிதாக்கினேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு படுத்தேன்.

இரண்டரை மணி இருக்கும். காதைக் கிழிக்கும் ஓர் ஒலி. எனக்குத் தலை கனத்தது, வயிற்றைப் புரட்டியது. குளிரில் வந்த தலைவலி என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? மாப்பிள்ளை ஓடிவந்தார். ஒரு கையில் பேத்தி. முன்கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். "மாமா, எழுந்திரிங்க, வெளிய வாங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுவே முதல்முறை. மூன்று பேரும் உறைந்த சேற்றில் போர்வையோடு நின்றோம். பேத்தி தூக்கக் கலக்கத்தில் அழுதாள். அந்த அழுகைச் சத்தம் கேட்கக் கேட்கத்தான் எனக்கு உயிர் வந்தது.

கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். போதிய காற்றில்லாமல் கரி எரிந்தால் உண்டாகும். பத்தாம் வகுப்பில் நான் சொல்லாத வருடம் இல்லை. கேள்வித்தாளில் எத்தனை முறை வைத்திருப்பேன். அதே நான், உறங்கும் குழந்தை இருக்கும் அறையில், எரியும் கரியை வைத்துவிட்டுக் காற்றுத் துளையை என் கையால் அடைத்தேன். சுவரில் இருந்த அந்தச் சின்ன அலாரம் மட்டும் இல்லையென்றால், இந்தப் பதிவு இல்லை.

அம்மையார் சத்தம் கேட்டு வந்துவிட்டார். எங்களைத் தன் படகில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவசர உதவியை அழைத்து, மூவரையும் பரிசோதித்தார்கள். நல்லவேளை, யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குத்தான் கூடுதலாக ஏறியிருந்தது. சில மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள்.

காற்றோட்டம் சரியானதும் மாப்பிள்ளை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். கையில் மப்ளரோடு வந்தார். "இது..." என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மடித்து என் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகள் பணியிலிருந்து ஓடிவந்தாள். முதலில் குழந்தையைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பத்தாவதுல இதை எனக்கு நடத்துனதே நீங்கதானேப்பா."

எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை.

விடிந்ததும் அம்மையார் என்னைப் படகின் கூரைப் பக்கம் கூட்டிப்போனார். புகைக்குழாய்க்குள் தூரிகையை விட்டுத் துடைத்துக் காட்டினார். கைப்பிடி கைப்பிடியாகக் கரி உதிர்ந்தது. வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், காற்றில்லாத இரவில் புகை மேலே ஏறத் தயங்கும், அடுப்பை மூச்சுத் திணற வைத்தால் அது நம்மை மூச்சுத் திணற வைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிறு வயதில் தன் அம்மா எத்தனை குளிரிலும் கேபின் கதவில் ஒரு விரல் இடைவெளி விடாமல் தூங்க மாட்டாராம். அவருக்கும் எழுத்துத் தெரியாது. வாயுவின் பெயரும் தெரியாது.

நான் அந்த நோட்டை அன்று எடுத்துப் பார்த்தேன். 'மஷ்ரூம் வென்ட்: மூச்சு' என்று என் கையெழுத்தில் அழகாக இருந்தது. டெஸ்டில் அதற்கு முழு மதிப்பெண் வேறு வாங்கியிருந்தேன்.

படகு ஆபத்து, இறங்கிவிடுங்கள் என்று சொல்லத்தான் கடல் தாண்டிப் போனேன். அந்தப் படகில் அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரே ஆபத்து நான் செய்தது. அதன் பிறகு எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. மீதி நாட்களில் அடுப்பு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை தயங்காமல் கொடுத்தார். தினமும் இரவு படுக்கும் முன் மேல்துளையில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பேன், அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்துவேன். பேத்தி காதைப் பொத்திக்கொண்டு, "தாத்தா, போதும்!" என்பாள்.

படகு வாழ்க்கை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். முழங்கால் வலித்தது. சேறு அலுத்தது. இப்போதும் இங்கிலாந்தில் குளிர் என்று செய்தியில் பார்த்தால் போனை எடுத்துவிடுகிறேன். ஆனால் அவர்கள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். தண்ணீர், கரி, மின்சாரம், கழிவு, எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து போவதில்லை. ஒவ்வொன்றையும் அளந்து, சுமந்து, கணக்குப் பார்த்து வாழ்கிறார்கள். என் மகளுக்கு அந்த ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று பெருமைப்பட ஆசைதான். மப்ளர் நினைவுக்கு வந்து தடுக்கிறது.

கிளம்பும் நாளில் மகளிடம் கேட்டேன், "ஊர்ல கேட்டா என்னம்மா சொல்லட்டும்?" என்று. "இருக்கிறதைச் சொல்லுங்கப்பா. நாங்க என்ன ஒளிஞ்சா வாழறோம்?" என்றாள். ஊருக்கு வந்தும் சொல்லத் தைரியம் வர ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

இப்போது மாணவர்களுக்கு வீட்டுப்பாடம். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் குளிருக்காக அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். மூடிய அறையில் கரியோ விறகோ எரியக் கூடாது. ஜெனரேட்டரை உள்ளே ஓட்டக் கூடாது. எரிவாயு கீசர் இருக்கும் குளியலறையில் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. குளிர் நாட்டில் இருப்பவர்கள் அலாரத்தை இன்றே அழுத்திப் பாருங்கள். தலைவலி, வாந்தி, ஒரே நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் மயக்கம் என்றால் யோசிக்காமல் வெளியே வாருங்கள், பிறகு காரணம் தேடலாம். உங்கள் வாத்தியாரே தவறினார் என்பதால் உங்களுக்கும் தவறும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்களுக்கு: கீழே படங்கள் போட்டிருக்கிறேன். கூரையில் நிலக்கரி மூட்டையோடு, பச்சை வண்ணத்தில் நிற்பதுதான் என் மகள் வீடு. முன்னால் ஸ்வெட்டர், குல்லாவோடு கையில் சாம்பல் தட்டை வைத்துக்கொண்டு நிற்பது நான். தம்பி, அன்றைக்குக் கல்யாணத்தில் என் போனில் சார்ஜ் இருந்தது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்